ஐம்பத்து நாலே முக்கால் கிலோ

1

வெளிநாட்டில் இருப்பவர்கள் நம் ஊர்ப் பத்திரிகைகளுக்கு எழுதுவதை என் மகள் கவிதா அவ்வப்போது செல்போனில் காட்டுவாள். ஒருவர் பூத்துக் கிடக்கும் மரத்தைப் பற்றி எழுதியிருப்பார். இன்னொருவர் கறிவேப்பிலை கிடைக்காததைப் பற்றி எழுதியிருப்பார். எனக்கு அதெல்லாம் வராது. நான் ஐந்தாவது வரை படித்தவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள். மெல்போர்னுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. இத்தனை நாளில் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது இப்போதுதான், அதுவும் கோபத்தால் தோன்றியது. அதனால் இதில் இனிப்பாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

போன மாதம் எங்கள் பகுதிக் கடைகளுக்கு முன்னால் பஸ் மாதிரி ஒரு பெரிய வண்டி வந்து நின்றது. ஐம்பது வயது தாண்டிய பெண்களுக்கு மார்பைப் படம் எடுத்துப் பார்க்கும் வண்டி. இலவசம். கவிதா லீவு போட்டுவிட்டு என்னை அழைத்துப் போனாள். உள்ளே ஏறுவதற்கு முன் ஒரு படிவம் கொடுத்தார்கள். இந்த நாட்டில் படிவம் இல்லாமல் பல்லைக்கூடக் காட்ட முடியாது. கவிதா பேனாவை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். கேட்டு எழுதினாள் என்று சொல்வதும் தப்பு. பாதியைக் கேட்காமலேதான் எழுதினாள்.

"கொழந்தைங்க மூணு. பால் குடுத்தே. அப்புறம், கருத்தடை மாத்திரை சாப்பிட்டிருக்கியான்னு கேக்கறாங்க." சிரித்தாள். "உனக்கு அதெல்லாம் என்னம்மா தெரியும்."

இல்லை என்ற கட்டத்தில் கோடு போட்டாள்.

"என்ன வேலை பாத்தீங்கன்னு கேக்கறாங்க. ஊட்டு வேலைதான்."

அதற்கும் ஒரு கட்டம் தயாராக இருந்தது. அதிலும் ஒரு கோடு.

அந்தப் படிவத்தை நானே கையால் நீட்டினேன். உள்ளே கூட்டிப்போய், இரண்டு தட்டுகளுக்கு நடுவில் மார்பை வைத்து அழுத்தி, மூச்சை அடக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். எடுத்த பெண் ஏதோ வருத்தம் தெரிவித்தாள். வலிக்கிறதா என்று கேட்டிருப்பாள். அந்த வலி எனக்குப் பழையது. அது எந்த வருடத்து வலி என்றுகூட எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்த இரண்டு கோடுகளும் கண்ணை விட்டுப் போகவில்லை. என் உடம்பு பட்டது ஒரு கோட்டில் போயிற்று. இருபத்தேழு வருடம் உழைத்தது இன்னொரு கோட்டில் போயிற்று. பேனாவை வாங்கி நானே திருத்தியிருக்கலாம். ஆனால் திருத்தினால் எப்போது சாப்பிட்டாய், ஏன் விட்டாய் என்று கவிதா கேட்பாள். அதற்குப் பதில் சொன்னால் அவள் எப்படிப் பிறந்தாள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதைத்தான் அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சொல்லாமல் வைத்திருந்தேன்.

2

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு முப்பது வயது. இரண்டு பையன்கள். வீட்டுக்காரருக்கு லேத் பட்டறையில் வேலை. நான் கோயம்புத்தூரில் பீளமேட்டுப் பக்கம் ஒரு மில்லில், நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பிரிவில் பதிலி. மில்லின் பெயர் வேண்டாம். இப்போது அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. கவிதா படிப்பை முடித்து முதல் சம்பளம் வாங்கியது அதே தெருவில்தான்.

பதிலி என்றால் என்னவென்று இப்போது பலருக்குத் தெரியாது. காலையில் தூக்குப்போசியில் சோற்றைக் கட்டிக்கொண்டு, கையில் கார்டோடு மில் கேட்டில் நிற்க வேண்டும். நிரந்தர ஆள் யாராவது வராவிட்டால் நம்மை உள்ளே கூப்பிடுவார்கள். எல்லோரும் வந்துவிட்டால் அந்தச் சோற்றை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்து தின்ன வேண்டும். ஒன்பது வருடம் நான் அப்படிக் கேட்டில் நின்றேன்.

எங்கள் லேபர் ஆபீசர் இளவயதுக்காரர். மரியாதை என்றால் அவரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். கூட்டுகிற பெண்ணைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார். ஒரு நாள் ரீலிங் பெண்களை எல்லாம் கேண்டீனில் உட்காரவைத்தார்.

"நம்ம மில்லுக்கு ஒரு பொம்பளைங்க கபடி டீம் வேணுமுங்க. மத்த மில்லுல எல்லாம் வெச்சுட்டாங்க. பொங்கலுக்கு மேட்சு இருக்குது. டீமுல ஆடற பதிலிங்களுக்கு பெர்மனென்ட் போட்டுத் தாரேன்னு மொதலாளி சொல்லியிருக்காருங்க."

கேண்டீனில் டம்ளர் சத்தம் நின்றுபோனது.

"ரெண்டே கண்டிசனுங்க. எடை அம்பத்தஞ்சு கிலோவத் தாண்டப்படாது. அது மேட்சு ரூலு." பிறகு அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அப்புறம், ஆட்டம் முடியற வரைக்கும் யாரும் முழுகாம இருக்கப்படாதுங்க. டிஸ்பென்சரில நர்ஸம்மாகிட்ட மாத்திரை இருக்குது. கூச்சப்படாம வாங்கிக்கோங்க."

பெருந்துறைப் பக்கம் எங்கள் ஊரில், வயதுக்கு வரும்வரை நான் பையன்களோடு கபடி ஆடியவள். ஆளின் காலைப் பிடித்துவிட்டால் விடமாட்டேன். ஆனாலும் கேண்டீனில் கையைத் தூக்க வெட்கம். பக்கத்து ரீலில் வேலை பார்த்த சகாயமேரிதான் என் கையைப் பிடித்துத் தூக்கினாள். அவளும் பதிலி. வேதக்காரப் பெண். வாய் மட்டும் ரெண்டு ஆளுக்கு உண்டு.

"இந்த மயிலாத்தாக்கா நல்லா ஆடுமுங்க. பாக்கத்தான் பூன மாதிரி இருக்கும்," என்றாள்.

வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. "அரிசி ஊறப்போட்டுட்டு ஆடப் போ. அந்த டவுசரக் கொண்டாந்து என்ற கண்ணுல காட்டாத." அவ்வளவுதான் அனுமதி.

நர்ஸம்மா முதலில் ஆபரேசனைத்தான் சொன்னார். செய்தால் மூன்று மாதம் ஓடக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. அதற்குள் பொங்கல் நெருங்கிவிடும், பழக நாள் இருக்காது. வீட்டுக்காரரைச் செய்துகொள்ளச் சொன்னேன். அன்று அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். அதனால் மாத்திரை.

3

ஓர் அட்டையில் இருபத்தெட்டு. இருபத்தொன்று வெள்ளை, ஏழு பழுப்பு.

"வெள்ள, கரு தங்காம இருக்கறதுக்கு. இந்தக் கலரு இரும்புச் சத்து. வரிசையா முழுங்கு. விட்டுப்போடாத," என்றார் நர்ஸம்மா. எனக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவே.

முதல் மாதம் காலையில் குமட்டியது. மைதானத்தில் நாலு சுற்று ஓடி, வேலியோரம் போய் வாந்தி எடுத்து, வாயைத் துடைத்துக்கொண்டு ஐந்தாவது சுற்று ஓடுவேன். இரண்டாவது மாதம் கொலுசு காலை இறுக்கிப் பிடித்தது. விரலில் மோதிரம் கழலவில்லை. ஒரு பக்கத் தலை மட்டும் இடிக்கும், ரீல் சுற்றுகிற சத்தம் அந்தப் பக்கத்திலேயே கேட்கும். மார்பு இரண்டும் கல்லாகிப் போயின. ரைடு வந்த பெண் நெஞ்சில் மோதினால் கண்ணில் தண்ணீர் வரும். விட்டுவிட்டால் பாயிண்ட் போகும், அதனால் அழுதுகொண்டே பிடித்திருப்பேன். மாதம் முடிவதற்கு முன்பே நடுவில் நடுவில் தீட்டு பட்டுக்கொண்டிருந்தது. மில்லில் கொடுத்த டவுசர் வெள்ளை. ஒரு நாள் ஆட்டத்தின் நடுவில் சகாயமேரி ஓடி வந்து தன் துண்டை என் இடுப்பில் சுற்றிக் கட்டிவிட்டு, "மாஸ்டருங்க, அக்காவுக்கு வவுத்து வலி," என்று கபடி பழக்க வந்த மாஸ்டரைப் பார்த்து எனக்காகக் கத்தினாள்.

மூன்று தடவை டிஸ்பென்சரிக்குப் போனேன். மூன்று தடவையும் நர்ஸம்மா நாற்காலியை விட்டு எழாமல் ஒரே பதில் சொன்னார்.

"ஒத்துக்கும் போ."

சனிக்கிழமை தோறும் எடை. அதற்குத் தனி மெஷின் கிடையாது. பஞ்சு குடோனில் பொதி எடை போடுகிற இரும்பு மேடையில்தான் ஏற வேண்டும். லோடுமேன் குண்டை நகர்த்திப் பார்த்து, பொதி நம்பர் கூப்பிடும் அதே ராகத்தில் கூப்பிடுவார். மாத்திரை தொடங்கும் முன் நான் ஐம்பத்து மூன்று. மூன்றாவது மாதம்,

"மயிலாத்தா, அம்பத்தெட்டேய்."

லாரி டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏனக்கா, வெரசா எறங்கு. உட்டா சாக்கத் தெச்சு லாரில ஏத்திப்போடுவானுங்க," என்றாள் சகாயமேரி. அவள் மாத்திரை சாப்பிடவில்லை. சர்ச்சில் கூடாது என்றிருந்தார்கள். மாத்திரைக்குப் பதில் கரு தங்காத நாளை எண்ணிக்கொண்டு இருந்தாள், எடை ஐம்பதில் நின்றது.

லேபர் ஆபீசர் நோட்டில் குறித்துக்கொண்டே சிரித்தார். "என்னங்கம்மா, பெர்மனென்ட் வர்றதுக்கு முன்னாலயே பெர்மனென்ட் ஒடம்பு வந்துருச்சுங்களே."

குடோன் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் சொன்னதைக்கூட ஒரு பக்கம் ஒதுக்கிவிடலாம். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேனே, அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

சோற்றை நிறுத்தினேன். காலையில் கொள்ளு வேகவைத்த தண்ணீர். மத்தியானம் எலுமிச்சம்பழம் அளவு ராகிக் களி. இரவில் மோர். பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டிலிருந்து மில்லுக்கு, வீட்டுக்காரரின் கம்பளிச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு வேர்க்க வேர்க்க நடந்தேன். கொள்ளுச் சூட்டில் வாயெல்லாம் புண். ரீலுக்கு முன்னால் இரண்டு தடவை கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். ஒரு மாதத்தில் குறைந்தது ஒன்றரைக் கிலோ. பையன்கள் இருவரும் சாப்பிடும்போது நான் அடுப்படியை விட்டு வெளியே போய் நிற்பேன். சோற்றின் மணத்தைத் தாங்க முடியாது.

மாத்திரை கொடுத்தது அவர்கள். எடைக்கு வரம்பு வைத்தவர்களும் அவர்களே. ஒன்று உடம்பை ஏற்றுகிறது, இன்னொன்று இறங்கச் சொல்கிறது. இந்த இரண்டையும் ஒரே மனுசியின் மேல் ஏற்றியிருக்கிறோமே என்று அந்த மில்லில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். என் உடம்புதான் சரியில்லை என்று நினைத்தேன்.

4

இங்கே என் நாள் இப்படிப் போகிறது. செவ்வாய்க்கிழமை குப்பைத் தொட்டிகளை வெளியே இழுத்து வைக்க வேண்டும். எந்த வாரம் எந்த நிற மூடி என்று மாறி வைத்துவிட்டால் எடுக்கமாட்டார்கள். காலையில் கவிதா குளியலறையில் கண்ணாடித் தராசின் மேல் ஏறுவாள். கதவுக்கு வெளியே நிற்கிற எனக்கு அவள் மூச்சு விடுகிற விதத்திலேயே முள் எந்தப் பக்கம் போயிற்று என்று தெரியும். பிறகு ஓட்ஸ். பிறகு ஜிம். நீண்ட தூர ஓட்டப் பந்தயம் ஒன்றுக்குப் பேர் கொடுத்திருக்கிறாள். கையில் கட்டியிருக்கும் கடிகாரம் உட்கார்ந்தால் எழு என்று சொல்கிறது. மாப்பிள்ளை நல்ல மனிதர், இரண்டு பேரும் ஆளுக்கொரு அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். நான் ஏதாவது கேட்டால் கவிதா, "அது ஒனக்குப் புரியாதும்மா," என்பாள். கோபமாகச் சொல்வதில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

இந்த வருடத் தொடக்கத்திலிருந்து அவள் முகம் உப்பிக்கொண்டு வந்தது. கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டாள். ஒரு பக்கத் தலையைப் பிடித்துக்கொண்டு விளக்கை அணைக்கச் சொல்வாள். ஒரு நாள் குளியலறையைத் துடைக்கும்போது மேடையில் ஓர் அட்டை கிடந்தது. இருபத்தெட்டு மாத்திரை. கடைசி ஏழு வேறு நிறம். பின்பக்கம் கிழமைகள் அச்சடித்திருந்தது. ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. இங்கிலீஷ் தெரிய வேண்டியதில்லை.

கவிதா வந்து சட்டென்று எடுத்துக்கொண்டாள். "வைட்டமின்மா."

"செரி கண்ணு," என்றேன்.

வைட்டமினாம். யாரிடம் சொல்கிறாள்.

வண்டியில் படம் எடுத்தது அதற்குப் பிறகு நடந்தது. அவள் அந்தக் கட்டத்தில் கோடு போட்டபோது அவள் கைப்பையிலேயே அந்த அட்டை இருந்திருக்கும்.

5

மேட்சுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது நான் ஐம்பத்தாறரை. இனிக் குறைக்கச் சாப்பாட்டில் ஒன்றும் மிச்சமில்லை. அன்று ரீலுக்கு முன்னால் நின்றபடியே யோசித்தேன். மாத்திரைக்கு முன்னால் இந்த வீக்கம் இல்லை. வெள்ளைதான் ஏற்றுகிறது. பழுப்பு சத்து என்று நர்ஸம்மாவே சொல்லியிருக்கிறார், ஆடுவதற்குச் சத்து வேண்டும். அதனால் புது அட்டையில் பழுப்பு ஏழையும் முதலில் தின்றேன். மிச்ச நாலு நாளைக்கு ஒன்றும் சாப்பிடவில்லை. வெள்ளையைத் தொடவே இல்லை.

இது தப்பு என்று எனக்குப் பயம் இருந்தது. ஆனால் மில்லில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நாலு நாள் மட்டம் போட்டால், அடுத்த வாரம் டபுள் டூட்டி பார்த்து அதை ஈடுகட்டிவிடலாம். மேஸ்திரி ஒன்றும் சொல்லமாட்டார். மாத்திரையும் அப்படித்தான் என்று நினைத்தேன். பதினோரு நாள் மட்டம், பிறகு பதினோரு நாள் காலையில் ஒன்று மாலையில் ஒன்று. சரியாகிவிடும். நர்ஸம்மாவைக் கேட்டிருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே இப்போது தெரியும்.

கொலுசு தளர்ந்தது. தலைவலி விட்டது. கண்ணாடியில் என் பழைய முகம் தெரிந்தது.

மேட்சு நடந்த மைதானத்தில் வேறு தராசு. எங்களைப் பற்றி எதுவும் தெரியாத ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு முள்ளைப் பார்த்து எழுதினார். ஐம்பத்து நாலே முக்கால். சத்தம் போட்டுக் கூப்பிடவில்லை. "செரிம்மா, எறங்கு," என்று மட்டும் சொன்னார். படித்த ஐந்து வகுப்பிலும் நான் அப்படி ஒரு மார்க் வாங்கியதில்லை.

இரண்டாம் பரிசு வாங்கினோம். நான் மட்டும் நாலு பேரைப் பிடித்தேன். கடைசியாகப் பிடித்தவள் எழுந்திருக்கும்போது, "அக்கா, ஒனக்கு என்ன கையா, கொறடா," என்று கேட்டாள். பிப்ரவரியில் நோட்டீஸ் போர்டில் பெயர் ஒட்டினார்கள். மூன்றாவது பெயர் நான். ம, யி, லா என்று எழுத்து எழுத்தாகப் படித்தேன். யாரும் பார்க்காதபோது ஒரு தடவை விரலால் தொட்டும் பார்த்தேன்.

அன்று வீட்டுக்காரர் சேவு பொட்டலம் வாங்கி வந்தார். அவர் செய்த ஒரே நல்ல காரியம் என்று எழுதினால் அவர் போய்ச் சேர்ந்த பிறகு தப்பாகப் போகும். அதற்குப் பக்கத்தில் வைக்க எனக்கு வேறு ஞாபகம் வரவில்லை.

6

டபுள் டூட்டி முடிந்த பிறகும் வாந்தி நிற்கவில்லை. இரண்டு மாத்திரை சாப்பிட்டதன் சூடு என்று நினைத்தேன். தீட்டு வரவில்லை. மாத்திரையால் தள்ளிப்போகிறது என்று நினைத்தேன். மறுபடி எடை ஏறியது. அதுவும் மாத்திரை என்றே நினைத்தேன். எல்லாவற்றுக்கும் அந்த அட்டையே பதிலாக இருந்தது. இரண்டு பிள்ளை பெற்றவளுக்குத் தெரியாதா என்று வீட்டுக்காரரின் அம்மா பிற்பாடு கேட்டார். தெரியவில்லை. நாலு மாதம் முழுக் கர்ப்பிணிபோலவே என்னை ஆட்டிவைத்த மாத்திரை அது. நிஜமாகவே கர்ப்பம் வந்தபோது எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

மார்ச் கடைசியில், பெர்மனென்ட் உத்தரவு தருவதற்கு முன் மெடிக்கல். வெளியிலிருந்து வந்த டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு என்னிடம் எதுவும் கேட்காமல் நர்ஸம்மாவைப் பார்த்தார். "மூணு மாசம் இருக்கும்," என்றார்.

லேபர் ஆபீசர் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அந்த அறையில் நான் உட்கார்ந்தது அன்று ஒரு தடவைதான். மேஜை மேல் என் பெயர் அடித்த உத்தரவு இருந்தது.

"நீங்களே சொல்லுங்கம்மா. நாங்க மாத்திரை குடுக்கலீங்களா?"

"குடுத்தீங்க."

"ரூலு சொன்னமுங்களா இல்லீங்களா?"

"சொன்னீங்க."

"அப்ப நீங்கதானுங்கம்மா எங்கள ஏமாத்திப்போட்டீங்க. பெர்மனென்ட் ஆன ஒடனே பிரசவ லீவுன்னா மொதலாளிகிட்ட நான் என்னங்க பதில் சொல்றது? மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. கார்ட மட்டும் கேட்டுல குடுத்துட்டுப் போயிருங்க."

அவ்வளவு மரியாதையாகத்தான் என் வேலை போயிற்று. பதிலிக் கார்டும் அதோடு போயிற்று. எடைக்காகத்தான் மாத்திரையை விட்டேன் என்று அந்த நாற்காலியில் சொல்லியிருக்க வேண்டும்.  கும்பிட்டுவிட்டு வந்தேன். ஆமாம், கும்பிட்டேன்.

வராண்டாவில் நர்ஸம்மா பிடித்துக்கொண்டார். "இந்தா பாரு, கலைச்சுப்போட்டு வா. நான் பேசிப் பாக்கறேன்."

நான் மாட்டேன் என்றேன். பிள்ளைப் பாசத்தால் சொன்னேன் என்று எழுதினால் இதைப் படிக்கிறவர்கள் சந்தோசப்படுவீர்கள். அது நிஜமில்லை. அந்த அம்மாள் சொல்கிற எதையும் இனிச் செய்வதில்லை என்ற வீம்பு. அவ்வளவுதான் அன்று என்னிடம் மிச்சமிருந்தது.

சகாயமேரி பெர்மனென்ட் ஆனாள். கவிதா பிறந்ததும் பார்க்க வந்தாள். குழந்தையைத் தூக்கி எடை பார்ப்பதுபோல் கையில் ஆட்டிவிட்டு, "அக்கா, இவ ஒருத்திதான் எடக்குள்ள இருக்கறா," என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் அழுதாள். நான் அழவில்லை. அடுத்த மாதத்திலிருந்து காலேஜ் ஹாஸ்டலில் பாத்திரம் கழுவப் போனேன். பதினெட்டு வருடம் கழுவினேன். கவிதா படித்தது அதில்தான். அவள் கோடு போட்ட ஊட்டு வேலை அது.

7

வண்டியில் எடுத்த படம் ஒரு பக்கம் தெளிவாக இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று கடிதம் வந்தது. கவிதாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்குப் பயத்தைவிட வேறு ஒன்று தோன்றியது. அந்தப் படிவம் மறுபடி வரும்.

அங்கே மேஜை மேல் ஒரு போன் வைத்திருந்தார்கள். அதில் மொழிபெயர்த்துச் சொல்ல யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி. முகம் தெரியாது, குரல் மட்டும். எனக்கு அது வசதியாக இருந்தது. முகம் இல்லாத ஆளிடம் கூச்சம் குறைவு. கவிதா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

நர்ஸ் முதலில் மூலையில் இருந்த எடை மெஷினைக் காட்டினாள். நான் எழவில்லை.

"அம்மா, எடை பாக்க வேணுமாம்," என்றது போன்.

"ஏற மாட்டேனுங்கன்னு சொல்லுங்க."

"ஏன் எண்டு கேக்கினம்."

"ஏற மாட்டேனுங்க."

கவிதா, "அம்மா, என்னம்மா," என்று கையைப் பிடித்தாள். நர்ஸ் தலையை ஆட்டினாள். அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். மாட்டேன் என்று சொன்னால் ஆகிற காரியம் இவ்வளவுதானா என்று இருந்தது.

"நீங்கள் எப்பவாவது கருத்தடைக் குளிசை பாவிச்சனீங்களோ? இதில இல்லை எண்டு போட்டிருக்கு."

"அது தப்புங்க. சாப்பிட்டிருக்கறேன்."

கவிதாவின் கை என் கையில் அப்படியே நின்றது.

"எவ்வளவு காலம்?"

"நாலு மாசம்."

"ஏன் நிப்பாட்டினனீங்கள்?"

"எடை கூடுச்சுங்க. கபடி டீமுல எடம் போயிருமுன்னு நிறுத்திப்போட்டேன். அதுல மூணாவது கொழந்த தங்கிருச்சு. வேல போயிருச்சு." பிறகு, கேட்காமலே சொன்னேன். "வேலங்கற எடத்துல ஊட்டு வேலன்னு போட்டிருக்கும். அதையும் மாத்தச் சொல்லுங்க. மில்லுல ஒம்பது வருசம். ஹாஸ்டல்ல பதினெட்டு."

 போனில் அந்தப் பெண் இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னாள். நான் சொன்னதைவிட நீளமாக இருந்தது. நர்ஸ் இரண்டு கோட்டையும் அடித்து எழுதினாள்.

மறுபடி எடுத்த படத்தில் ஒன்றுமில்லை. சும்மா நீர்க்கட்டி. போகலாம் என்றார்கள்.

கவிதா காரில் ஏறிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுக்காமல் இருந்தாள்.

"அந்த மூணாவது கொழந்த நானு."

"ஆமா கண்ணு."

"அப்ப நான் வேண்டாம்னு நெனச்ச பிள்ளையா?"

"நீ வருவேன்னே எனக்குத் தெரியாது. வேல வேணுமுன்னு இருந்தேன், அது போயிருச்சு. நீ வந்தே. நீ வந்ததுல எனக்கு வருத்தமில்ல. வேல போனதுல வருத்தம் இருக்குது. ஒண்ணுக்கு ஒண்ணு ஈடுன்னு நாலு பேரு சொல்லியிருக்கறாங்க. நான் ஒத்துக்கலே. நீயும் அப்படிச் சொல்லிப்போடாத."

அவள் அழுதாள். நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கைப்பையைத் திறந்து அட்டையை எடுத்து என் மடியில் வைத்தாள். குளியலறையில் நான் பார்த்த அட்டை அல்ல இது. அட்டையின் நிறம் வேறு.

"இது வைட்டமின் இல்ல."

"தெரியும்."

"எனக்கும் அஞ்சு கிலோ ஏறிருச்சும்மா. தலவலி. ஓடவே முடியல. போன வாரம் டாக்டர்கிட்டப் போய்ச் சொன்னேன். வேற மாத்திரை மாத்திக் குடுத்துட்டாங்க. இப்பப் பரவால்ல."

"மாத்திக் குடுக்க எத்தன நேரமாச்சு?"

"எதுக்குக் கேக்கற?"

"சொல்லு."

"பத்து நிமிசம் இருக்கும்."

"அப்பவும் வேற மாத்திரை இருந்துச்சா கண்ணு?"

அவள் அட்டையை என் மடியிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இருந்திருக்கும்மா," என்றாள்.

பிறகு வண்டியை எடுத்தாள். மூன்று தடவை அந்த டிஸ்பென்சரிக்குப் போனேன். மூன்று பத்து நிமிடம். நர்ஸம்மா நாற்காலியை விட்டு எழாமலேயே, இது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரியில் வேறு கேட்டுப் பார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அந்த லேபர் ஆபீசர் இப்போதும் கோயம்புத்தூரில்தான் இருப்பார். வயதாகியிருக்கும். காலையில் பேப்பர் படிக்கிற ஆள். அவர் கண்ணில் இது பட்டால் நல்லது. அவர் நோட்டில் என் பெயருக்கு நேரே ஐம்பத்தெட்டு என்று எழுதி வைத்திருப்பார். மேட்சு அன்று வேறு தராசில் வேறு ஒரு பெரியவர் எழுதியது ஐம்பத்து நாலே முக்கால். நான் யாரையும் ஏமாற்றவில்லை. நான் எடைக்குள் இருந்தேன்.